பி.எல்.ஏ பிலிமில் பி.வி.ஓ.எச் – களிமண் பூச்சு: ஆக்சிஜன் ஊடுருவல் உலர்வில் 2, ஈரத்தில் 80க்கு மேல். வெற்றிடக் காப்புப் பலகைக்கு இது ஆகுமா?

சவ்வு:
25 மைக்ரான், இரு திசையிலும் இழுத்த பி.எல்.ஏ (பாலிலாக்டிக் அமிலம், தாவர மூலத்து மக்கும் பிளாஸ்டிக்) பிலிம். கொரோனா (பூச்சு ஒட்டுவதற்காக மேற்பரப்பில் மின்னிறக்கம்) கொடுத்து, அதன்மேல் 99% நீராற்பகுப்பு உள்ள பி.வி.ஓ.எச்சும் (பாலிவினைல் ஆல்கஹால்) எடையில் 10% சோடியம் மான்ட்மோரில்லோனைட்டும் (மெல்லிய தகடுகளாகப் பிரியும் களிமண்) கலந்த பூச்சு. காய்ந்த தடிமன் சுமார் 1 மைக்ரான். 23 டிகிரியில் உலர் நிலை ஆக்சிஜன் ஊடுருவல் 2 சிசி (ஒரு சதுர மீட்டர், ஒரு நாள், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு). அதே துண்டு 85% ஈரப்பதத்தில் 80ஐத் தாண்டுகிறது.

சிட்ரிக் அமிலம் சேர்த்துக் குறுக்கிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது) செய்தால் சரியாகும் என்று நினைத்தால், அதற்கு வேண்டிய 130 டிகிரியில் பிலிமே சுருங்கிப் போகிறது.

இரண்டு பயன்பாடுகள் மனதில் உள்ளன. ஒன்று உலர் உணவுப் பை. மற்றொன்று வெற்றிடக் காப்புப் பலகையின் (உள்ளே காற்றை எடுத்துவிட்டு உறையிட்ட வெப்பக் காப்புப் பலகை) உறையில் உலோகப் பூச்சு பி.இ.டிக்கு (பாலியெஸ்டர் பிலிம்) மாற்று. கேள்விகள்: ஈரத்தில் ஏற்படும் சரிவு கலவைக் குறையா, பொருளின் இயல்பா? இரண்டாவது பயன்பாட்டுக்கு இதில் வழி உண்டா?

மைக்ரான்:
பெரும்பகுதி இயல்பு, கொஞ்சம் கலவை. முதலில் கணக்கு.

அடுக்குகளின் தடைகள் தொடராகக் கூடும். ஊடுருவலின் தலைகீழ்களைக் கூட்டுங்கள். 25 மைக்ரான் பி.எல்.ஏ தனியாக 600 வாக்கில் விடும். பூச்சு மட்டும் 2 என்றால் மொத்தம் 1.99. அதாவது பி.எல்.ஏ இந்த விஷயத்தில் வெறும் தாங்கி. தடுப்பது முழுக்க அந்த ஒரு மைக்ரான்தான். ஈரத்தில் பூச்சு 100 ஆகிவிட்டால் மொத்தம் 86. உங்கள் 80 சொச்சம் இதிலிருந்துதான் வருகிறது. பிலிமைச் சந்தேகப்பட வேண்டாம்.

காரணம்: பி.வி.ஓ.எச் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருப்பவை ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. உலர் நிலையில் 80 டிகிரிக்கு மேலிருக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை), ஈரம் ஏறியதும் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடும். சங்கிலி அசைய ஆரம்பித்தால் ஆக்சிஜனுக்கு வழி கிடைத்துவிடும். இ.வி.ஓ.எச்சுக்கும் (எத்திலீன் கலந்த வினைல் ஆல்கஹால்) இதே கதைதான்; அதிலுள்ள எத்திலீன் பங்கு (27 முதல் 48 மோல்%) கூடக் கூட உலர் தடுப்பு கொஞ்சம் குறையும், ஈரத்தில் சரிவும் குறையும்.

ஆகவே ஈரப்பதம் சொல்லாமல் தரப்படும் ஊடுருவல் எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. சோதனைத் தரங்களில் ஏ.எஸ்.டி.எம் டி 3985 உலர் நிலைக்கு, எஃப் 1927 ஈரப்பதக் கட்டுப்பாட்டோடு. நீரை விரும்பும் பூச்சு என்றால் இரண்டாவதுதான் பேச்சு. 0, 50, 65, 80, 90 என ஐந்து புள்ளிகளில் எடுத்து வளைவு போடுங்கள். முழங்கால் (ஊடுருவல் சட்டென ஏறத் தொடங்கும் இடம்) எங்கே மடங்குகிறது என்பதுதான் பூச்சின் உண்மையான தரம். ஒவ்வொரு புள்ளியிலும் 12 மணி நேர இடைவெளியில் இரு அளவீடுகள் ஒத்துப்போகும்வரை காத்திருக்கவும். முதல் மணி நேரத்திலேயே தட்டையாகத் தெரிவதை நம்பி நிறுத்தினால் ஈர எண் அழகாக வரும், தவறாகவும் வரும்.

கலவைக்கரண்டி:
மைக்ரான் சொன்னது சரி. ஆனா 10% களிமண் இருந்தும் ஈரத்துல இவ்வளவு சரிஞ்சா, தகடுகள் பிரியலைன்னு அர்த்தம். கணக்கு பாருங்க.

எடையில 10% களிமண்ணுன்னா (அடர்த்தி 2.6, பாலிமர் 1.3) கனஅளவுல வெறும் 5.3%தான். தகடுகள் வாயுவைச் சுத்தி வளைச்சுப் போக வைக்கிறதைக் கணக்கிடுற நீல்சன் மாதிரிப்படி, மீதமுள்ள ஊடுருவல் = (1 கழித்தல் கனஅளவுப் பங்கு) வகுத்தல் (1 கூட்டல், அகல-தடிமன் விகிதத்தில் பாதி பெருக்கல் கனஅளவுப் பங்கு). விகிதம் 100ன்னா பழைய ஊடுருவல்ல 26% மிஞ்சும். தகடுகள் சீட்டுக்கட்டு மாதிரி அஞ்சஞ்சா ஒட்டிக் கிடந்தா விகிதம் 20க்கு இறங்கிடும், 62% மிஞ்சும். அதே களிமண், அதே செலவு, பலன்ல கிட்டத்தட்ட பாதி காணாம போச்சு.

பிரியாததுக்கு முதல் காரணம் தண்ணீர். கடினநீர்ல இருக்கிற கால்சியம், அடுக்குக்கு நடுவுல இருக்கிற சோடியத்தைத் தள்ளிட்டு உட்காந்துடும். கால்சியம் வந்த அடுக்கு ஓரளவுக்கு மேல விரியாது. அயனி நீக்கிய தண்ணீர் மட்டும்தான். பாத்திரம் கழுவுற கடைசித் தண்ணீரும் அதுவேதான்.

700 கிராம் கலவைக்கு நான் போடுற வரிசை:

களிமண்: 245 கிராம் தண்ணீர்ல 5 கிராம், 2% வரும். தண்ணீர் சுழலும்போது தூவணும், கொட்டக் கூடாது. அரை மணி நேரம் அதிவேகக் கலக்கி, அப்புறம் இரவு முழுக்க விடணும். காலைல அடியில மணல் மாதிரி படிஞ்சிருக்கும், அது குவார்ட்ஸ். மேல இருக்கிறதை மட்டும் வடிச்சு எடுங்க. வடிச்சதுல ஒரு 10 கிராமை உலர்த்தி எடை பார்த்து, உண்மையான திடப்பொருள் அளவைத் திருத்திக்கணும். இதைச் செய்யாம 10%ன்னு எழுதுறவங்களோட பூச்சுல 7தான் இருக்கும்.

பி.வி.ஓ.எச்: 405 கிராம் குளிர்ந்த தண்ணீர்ல 45 கிராம். குளிர்ந்ததுதான்! சுடுதண்ணில போட்டா ஒவ்வொரு குருணையும் வெளித்தோல் கரைஞ்சு உள்ளே உலர்ந்து கட்டியாயிடும். 20 நிமிஷம் நனைஞ்சதும் நீர்த்தொட்டியில 92–95 டிகிரிக்கு ஏத்தி ஒரு மணி நேரம், மூடி போட்டு. 99% நீராற்பகுப்பு வகை 80 டிகிரில பார்வைக்குக் கரைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா படிகத் துணுக்கு மிச்சம் இருக்கும். அதுதான் பின்னாடி பூச்சுல மீன்கண் (வட்டமான சிறு குறை). ஆறும்போதும் கலக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா மேல ஆடை கட்டும். 25 மைக்ரான் வலையில வடிகட்டுங்க.

சேர்க்கிறது: களிமண் நீரைக் கலக்கிட்டே பி.வி.ஓ.எச் கரைசலை மெதுவா ஊத்தணும். மொத்தம் 700 கிராம், திடப்பொருள் 7.1%. 20 மைக்ரான் ஈரத் தடிமன் கம்பியால இழுத்தா காய்ஞ்சது 1 மைக்ரான் ஒட்டி வரும். நுரையை வெற்றிடத்துல 10 நிமிஷம் வச்சு எடுக்கலாம். நுரைக்கொல்லி சேர்த்தா அதுவே பள்ளம் போடும்.

சிட்ரிக் அமிலத்தை விடுங்க. வெப்பம் மட்டும் பிரச்சினை இல்ல, அமிலத்துல களிமண் தகட்டோட விளிம்பு நேர்மின் ஆகி முகத்தோட போய் ஒட்டிக்கும், கலவை கூழாயிடும். இன்னொரு குறுக்கிணைப்பியான கிளையாக்சாலுக்கும் அமிலம் வேணும், அதனால அதே தொல்லை. குறுக்கிணைப்புக்குக் காரப்பக்கம் வேலை செய்யுற அம்மோனியம் சிர்க்கோனியம் கார்பனேட் இந்தக் கலவைக்கு ஒத்துப்போகும். காயும்போது அம்மோனியா வெளியேறும், காற்றோட்டம் கட்டாயம். கலந்த பிறகு தடிச்சுக்கிட்டே போகும், அதனால பூசுறதுக்குச் சற்று முன்னாடி, அன்னைக்குத் தேவையானதுக்கு மட்டும்.

சவ்வு:
உலர்த்துவதில் எந்த வெப்பநிலை? 60க்கு மேல் பயமாக இருக்கிறது. அத்துடன் மீன்கண் தெரிகிறது, சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று. ஈர எண்ணுக்கு அவையும் காரணமாக இருக்குமா?

கலவைக்கரண்டி:
காற்றோட வெப்பநிலை வேற, பிலிமோட வெப்பநிலை வேற. தண்ணீர் ஆவியாகிட்டு இருக்கிற வரைக்கும் 90 டிகிரி உலர்காற்றுலயும் பிலிம் 35–40ல நிக்கும். ஆபத்து கடைசி சில நொடியில: தண்ணீர் தீர்ந்ததும் பிலிம் சட்டுனு காற்றோட வெப்பத்துக்கு ஓடும். இழுவிசையும் இருந்தா 60ஐத் தாண்டினதும் நீளும், சுருங்கும். அதனால முதல் மண்டலம் சூடு, கடைசி மண்டலம் 55க்குக் கீழ. தலைகீழா வச்சுடாதீங்க. முதல் மண்டலத்துலயும் காற்றை ரொம்ப வேகமா அடிச்சா மேல தோல் கட்டி உள்ளே கொப்புளம் வரும்.

கொரோனா கொடுத்து மேற்பரப்பு ஆற்றலை 50 டைனுக்கு மேல ஏத்தணும், பூசுறதுக்கு முன்னாடி அதே ஓட்டத்துல. சுருள்ல வச்சிருந்தா இறங்கிடும்.

மைக்ரான்:
மீன்கண் பற்றி: ஓட்டை எவ்வளவு ஆழம் என்பதே முக்கியம். இரண்டு வகையையும் குழப்பிக்கொண்டு பலர் தவறான இடத்தில் உழைக்கிறார்கள்.

பூச்சில் மட்டும் 50 மைக்ரான் விட்டமுள்ள துளை, கீழே பி.எல்.ஏ முழுசாக இருக்கிறது என்று வையுங்கள். அந்தத் துளை வழியாகப் போகும் ஆக்சிஜன், பி.எல்.ஏவுக்குள் கரைந்து விரவித்தான் போக வேண்டும். போட்டுப் பார்த்தால் துளைக்கு நாளொன்றுக்கு ஒரு சிசியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுதான். மொத்தத்தை 2 சிசி கூட்ட வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் துளை வேண்டும், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஒன்று. உங்களுக்கு இருப்பது அதில் முப்பது முதல் ஐம்பதில் ஒரு பங்கு. அழகுக் குறை, அவ்வளவே.

அதே 50 மைக்ரான் துளை பிலிமையே ஊடுருவி மறுபக்கம் வந்துவிட்டால்? இப்போது விரவல் காற்றில். 25 மைக்ரான் தடிமன், ஒரு பக்கம் தூய ஆக்சிஜன் என்றால் ஒரே துளை நாளுக்கு 50 சிசி விடும். வெளியே சாதாரணக் காற்று என்றாலும் 11. பத்து மைக்ரான் ஊசித்துளைகூடத் தூய ஆக்சிஜனில் 4 சிசி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை, ஒரு சதுர மீட்டர் பூச்சின் மொத்த உழைப்பையும் தின்றுவிடும்.

பூச்சை மெருகேற்றுவதற்கு முன் மடிப்பையும் கசங்கலையும் பாருங்கள். ஏ.எஸ்.டி.எம் எஃப் 392 முறுக்குச் சோதனையில் போட்டு, நிறமேற்றிய டர்பென்டைன் தடவி, கீழே வெள்ளைத் தாளில் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். பி.எல்.ஏ விறைப்பான பொருள். முறுக்கினால் துளை விழுவதில் பாலிஎத்திலீனைவிட மோசம். 2700 சுற்று போட்டு மனமுடைய வேண்டாம், 20 சுற்றுப் பிரிவு போதும்.

வெற்றிடவாசி:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுருக்கமான விடை: இப்போதைய கட்டமைப்பில் முடியாது. ஆனால் முடியாததன் காரணம் பலர் நினைக்கும் ஆக்சிஜன் அல்ல.

அசையாத காற்றின் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 26 மில்லிவாட். பாலியூரித்தேன் நுரை 20–25, ஏரோஜெல் போர்வை 14–20. ஃபியூம்டு சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) உள்ளகத்துடன் வெற்றிடப் பலகை புதிதில் 4–5. உறை கிழிந்து காற்று நிறைந்தால்கூட 20இல் நிற்கும், ஏனென்றால் சிலிக்காவின் துளைகள் காற்று மூலக்கூறின் சராசரித் தடையிலாப் பாதை (ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஓடும் தூரம், வளிமண்டல அழுத்தத்தில் 70 நானோமீட்டர் அளவு) இருக்கும் அதே அளவுக்குச் சிறியவை. கண்ணாடி இழை உள்ளகம் 2 வரை இறங்கும். ஆனால் 1 மில்லிபாருக்கே மோசமாகத் தொடங்கிவிடும்.

ஒரு சதுர மீட்டர், 20 மில்லிமீட்டர் தடிமன் சிலிக்காப் பலகையை எடுங்கள். உள்ளே வாயுவுக்கு இடம் சுமார் 18 லிட்டர். இரு முகங்களும் சேர்த்து 2 சதுர மீட்டர் உறை. உங்கள் பிலிம் உலர் நிலையில் 2 சிசி ஆக்சிஜன் விடுகிறது. காற்றின் ஆக்சிஜன், நைட்ரஜன் பங்குகளைச் சேர்த்தால் ஒரு முகத்துக்கு நாளுக்கு 0.8 சிசி வைக்கலாம். ஆண்டுக்கு இரு முகத்துக்கும் 590 சிசி, அதாவது 33 மில்லிபார். சிலிக்காவில் வாயுக் கடத்தல் பாதியை எட்டுவதே 600 மில்லிபார் அருகில் என்பதால், 33க்குக் கூடுவது 1.4 மில்லிவாட்தான். மோசம், ஆனால் உலகம் இடிந்துவிடாது.

தண்ணீரைப் பாருங்கள். 25 மைக்ரான் பி.எல்.ஏ 38 டிகிரி, 90% ஈரப்பதத்தில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் நீராவி விடும். ஒரு மைக்ரான் பி.வி.ஓ.எச் அதைப் பெரிதாகக் குறைக்காது. உள்ளகம் 4 கிலோ. அதன் 1% என்பது 40 கிராம். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த 40 கிராம் உள்ளே. ஒவ்வொரு 1% ஈரத்துக்கும் கடத்தல் அரை மில்லிவாட் ஏறும், நீராவி அழுத்தம் தனிக்கணக்கு. மூன்றடுக்கு உலோகப் பூச்சு பி.இ.டி உறை நாளுக்கு 0.005 கிராம் வாக்கில் நிற்கிறது. அதே 40 கிராமுக்கு அதே கடுமையான சூழலில் பத்தாண்டு பிடிக்கும்.

சேர்த்து ஒன்று: முகத்தை எவ்வளவு நன்றாக மூடினாலும் விளிம்பு ஒட்டு பாலிஎத்திலீன்தான். 10 மில்லிமீட்டர் அகல ஒட்டு, இரு பக்கமும் 50 மைக்ரான், நான்கு மீட்டர் சுற்றளவு என்றால் அது மட்டுமே நாளுக்கு 0.0035 சிசி காற்று விடும். நல்ல உறையில் முகங்கள் இரண்டும் சேர்ந்து 0.01 விடும்போது, விளிம்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு விடுகிறது. பலகை சிறிதானால் விளிம்பின் பங்கு ஏறும். ஒட்டு அகலத்தை இரட்டிப்பாக்குவது, பூச்சில் இன்னொரு அடுக்கு போடுவதைவிட மலிவு.

அலுமினியத் தகடு போட்டுவிடலாமே என்றால், 6–8 மைக்ரான் தகடு விளிம்பைச் சுற்றி வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும். நானோமீட்டர் கணக்கில் உலோகம் படிந்த பிலிமை எல்லோரும் நாடுவது அதனால்தான்.

மறுசுழற்சி:
இந்த இழையில் ஒன்று பேசாமல் போகிறது. இருபது முப்பது ஆண்டு சுவருக்குள் கிடக்க வேண்டிய உறைக்கு மக்கும் பாலிமர் எதற்கு? பி.எல்.ஏ எஸ்டர் பிணைப்புள்ளது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலி அறுபடும், அறுபட்ட நுனிகளின் அமிலம் மேலும் அறுக்கும். காப்புப் பலகையில் அது குறைபாடு. மக்குவதும் தாவர மூலமும் இரண்டு தனிப் பண்புகள். கரும்பு எத்தனாலில் இருந்து வரும் பாலிஎத்திலீன் மக்காது, ஆனால் மூலம் தாவரம். நீராவித் தடுப்பில் பெட்ரோலிய பாலிஎத்திலீனுக்குச் சற்றும் குறைவில்லை, ஏனெனில் மூலக்கூறு ஒன்றே. உறைக்கு அதைப் பாருங்கள்.

உணவுப் பைக்கு பி.எல்.ஏ வைத்துக்கொள்ளலாம். அப்போது இ.என் 13432 (உரமாகும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரம்) கேட்பவை: ஆறு மாதத்தில் 90% கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும், 12 வாரத்தில் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10%க்கு மேல் நிற்கக் கூடாது. எடையில் 1%க்கு மேலுள்ள ஒவ்வொரு கரிமப் பொருளும் தனியாகத் தேறியாக வேண்டும். 25 மைக்ரான் பிலிம் 31 கிராம், 1.3 கிராம் பி.வி.ஓ.எச் அதில் 4%. அதாவது தப்பிக்க முடியாது, பி.வி.ஓ.எச்சுக்குத் தனிச் சோதனை வேண்டும். உரத்தில் அது மெதுவாகவே சிதையும், தேறுவது உறுதி இல்லை. களிமண் கனிமம் என்பதால் அந்தக் கேள்வி இல்லை. தொழிற்சாலை உரக்கிடங்கின் 58 டிகிரியில் நடப்பது வீட்டு உரக்குழியிலோ கடலிலோ நடக்காது என்பதையும் பையில் எழுதும் வாசகத்தில் மறக்க வேண்டாம்.

கலவைக்கரண்டி:
அப்போ பூச்சை 0.3 கிராமுக்குக் கீழ கொண்டு போகணுமா? கால் மைக்ரான்லகூடத் தூசியில்லாத அறை இருந்தா உலர் எண் 10க்குக் கீழ கிடைக்கும். ஆனா ஈரத்துல ஒண்ணும் மிஞ்சாது.

மைக்ரான்:
பூச்சைக் குறைப்பதைவிட அதை உலர்வாக வைத்துக்கொள்வது நல்ல வழி. இரண்டு பிலிமுக்கு நடுவில் வையுங்கள். நடு அடுக்கின் ஈரப்பதம் இருபுற நீராவி ஊடுருவலின் விகிதத்தால் தீர்மானமாகும்.

வெளியே 80%, பைக்குள் 20% என்று வைப்போம். இருபுறமும் 25 மைக்ரான் பி.எல்.ஏ என்றால் நடுவில் 50%. வெளியே 40 மைக்ரான் (நாளுக்கு 190 கிராம்), உள்ளே 12 மைக்ரான் (600 வாக்கில்) என்று மாற்றினால் நடுவில் 34%. உங்கள் வளைவில் 80க்கும் 34க்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று நீங்களே பார்ப்பீர்கள். விதி: தடித்ததும் நீராவியை நன்றாகத் தடுப்பதும் ஈரப் பக்கம். உள்ளே ஈர உணவு, வெளியே வறண்ட காற்று என்றால் முழுவதும் தலைகீழ். ஆனால் உள்ளே 20% நிலைக்க வேண்டுமே; உணவே ஈரத்தை உறிஞ்சி 50க்கு ஏறினால் நடுவும் ஏறும். ஆகவே இந்தக் கணக்கைப் பையின் ஆயுள் முடிவில் இருக்கும் ஈரப்பதத்துக்குப் போடுங்கள், நிரப்பும் நாளுக்கு அல்ல.

கரைப்பானில்லாப் பாலியூரித்தேன் ஒட்டுப்பசை என்றால், ஒட்டும் முன் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐசோசயனேட் மிச்சத் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும். இரண்டு நாளில் பிலிமுக்குள் குமிழி தெரியும். அதைப் பிலிம் குறை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள்.

சவ்வு:
இரண்டையும் பிரித்துவிடுகிறேன். உணவுப் பைக்கு: வெளியே 40, உள்ளே 12, நடுவில் பூச்சு, சிர்க்கோனியத்துடனும் இல்லாமலும் இரண்டு வகை, ஐந்து ஈரப்பதப் புள்ளிகள், 20 சுற்று முறுக்கலுக்கு முன்னும் பின்னும். வெற்றிடப் பலகைக்கு பி.எல்.ஏவைக் கைவிட்டு, தாவரமூலப் பாலிஎத்திலீன் ஒட்டடுக்குடன் உலோகப் பூச்சு பிலிம், ஒட்டு அகலம் 10, 20 மில்லிமீட்டர். வெற்றிடவாசி, பலகையை எப்படிச் சோதிப்பது? அழுத்தமானி உள்ளே வைக்க முடியாது.

வெற்றிடவாசி:
பலகையை வெற்றிடக் கலத்தில் வைத்து அழுத்தத்தை மெல்லக் குறையுங்கள். வெளி அழுத்தம் உள்ளழுத்தத்துக்குக் கீழே போகும் கணத்தில் உறை உள்ளகத்தை விட்டு எழும்பும். லேசர் தூரமானி அதைப் பிடிக்கும். சிலிக்காவுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். கூடவே ஒவ்வொரு முறையும் பலகையை எடை போடுங்கள், 4 கிலோவில் 0.1 கிராம் துல்லியம் வேண்டும். அழுத்தம் ஏறி எடை அதே மாதிரி இருந்தால் காற்று. எடையும் ஏறினால் தண்ணீர். 10 மில்லிமீட்டர் ஒட்டுக்கும் 20க்கும் வித்தியாசம் வெளிப்பட, 30க்கு 30 சென்டிமீட்டர் சிறு பலகைகளையே எடுங்கள். பெரிய பலகையில் முகம் விளிம்பை மறைத்துவிடும்.

மைக்ரான்:
ஈர அளவீட்டில் ஒன்று விட்டுப்போனது. 80ஐத் தாண்டும் துண்டுகளுக்கு 50 சதுர சென்டிமீட்டர் முழுப்பரப்பில் உணரி நிறைந்துவிடலாம். அலுமினிய முகமூடி ஒட்டி 5 சதுர சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஆனால் உலர் நிலையின் 2ஐ அதே முகமூடியில் எடுக்காதீர்கள், விளிம்புக் கசிவே அந்த எண்ணை மூழ்கடிக்கும். முழு அலுமினியத் தகட்டை மட்டும் போட்டு வெற்று அளவீடு ஒன்று முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.